உனக்கும் கேட்குதா?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். இரண்டு தடவை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். பையன் அடுத்த அறையில் இருக்கும்போது நீ குரலைத் தாழ்த்திப் பேசுவாய், அவன் அதைக் கவனிப்பான், அம்மா தன்னைப் பற்றித்தான் யாரிடமோ பேசுகிறாள் என்று நினைப்பான், அந்த நேரத்தில் அது உண்மையாகவும் இருக்கும். அதனால் எழுதுகிறேன். இன்று ஞாயிறு, கடை லீவு. அண்ணன் வீட்டில் எல்லோரும் திருவந்திபுரம் போயிருக்கிறார்கள், வர மத்தியானம் ஆகும். எனக்கு உடம்பு பரவாயில்லை, சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்ற செய்திகளை அப்புறம் சொல்கிறேன்.

யாரும் இல்லாதபோதும் பையனுக்குக் குரல்கள் கேட்கின்றன என்று எழுதிவிட்டு, "அவன் தலைக்குள் ஓடுவது அவன் மனசுதான் என்று அவனுக்கே தெரியாதா?" என்று கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு, "தப்பாக நினைக்காதே, உன்னிடம்தான் இதைக் கேட்க முடியும்" என்று வேறு எழுதியிருக்கிறாய். நான் ஏன் தப்பாக நினைக்கப்போகிறேன்? இத்தனை வருஷத்தில் இதை என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டவர்கள் மூன்று பேர்கூட இல்லை.

தெரியாது, வசந்தி. அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை, உன்னை ஏமாற்றவும் இல்லை. அவனுக்குத் தெரியாது.

சரி, உனக்கு எப்படித் தெரிகிறது? இந்த வரியைப் படிக்கும்போது உன் தலைக்குள் ஒரு குரல் படித்துக்கொண்டே வருகிறதே, அது என் குரலாகக்கூட இருக்கலாம். அது வெளியிலிருந்து வரவில்லை என்று நீ சோதித்துப் பார்த்தாயா? பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. "இது என்னுடையது" என்ற முத்திரை குத்தித்தான் அது உன்னிடம் வந்து சேர்கிறது. அந்த முத்திரை எப்போது விழுகிறது, யார் குத்துகிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. ஒருநாள் அது விழாமல் போனால் மட்டும்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியவரும்.

திருப்பாதிரிப்புலியூரில் டைப்ரைட்டிங் போனோமே, நினைவிருக்கிறதா? லோயர் முடித்து ஹையருக்குப் படித்த அந்த மழைக்காலம். இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் வைத்து அடிப்போம், மேல்தாள் வெளியே போய்விடும், கீழ்த்தாள் நம்மிடம் இருக்கும். பிறகு யாராவது அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினால், நம் பிரதியோடு ஒத்துப்பார்த்து, ஆமாம், இது நாம் அடித்ததுதான் என்று சொல்லிவிடலாம். மூளையும் இதைத்தான் செய்கிறது என்கிறார்கள். கையை நீட்டு என்று தசைக்கு உத்தரவு போகும்போதே, அதன் கார்பன் காப்பி ஒன்று உணர்வுகளைக் கவனிக்கிற பகுதிக்கும் போகிறது: இப்போது வரப்போவது நம்முடையதுதான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று. கண்ணை நீயாக அசைத்தால் அறை அசைவதில்லை. இமையின் ஓரத்தில் விரலால் மெல்ல அழுத்திப்பார், அறையே ஆடும். கண் இரண்டு தடவையும்தான் நகர்ந்தது, ஆனால் இரண்டாவது தடவை கண்ணின் தசைக்கு உத்தரவே போகவில்லை, காப்பியும் இல்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்திருக்கிறார். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் அதே காப்பிதான் காரணம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். எட்டு வருஷம் முன்னால் உளவியல் படிக்கிற ஒரு பெண் கடைக்கு ஆய்வேடு டைப் செய்யக் கொண்டுவந்தாள். நூற்றெழுபது பக்கம், அடிக்க அடிக்க என் கை நின்றுவிட்டது. எனக்கு நடந்ததைத்தான் அதில் எழுதியிருந்தாள். பைண்டிங் வாங்க வந்தபோது அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிறகும் மூன்று நான்கு முறை அவளே வந்தாள், கட்டுரைகளை எடுத்துவந்து தமிழில் விளக்கினாள். நல்ல பெண்.

அவள் சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது அந்தக் கிச்சுகிச்சு ஆராய்ச்சிதான். லண்டனில் செய்தது, 2000ஆம் வருஷம் வெளிவந்தது. உள்ளங்கையைத் தன் கையாலேயே தடவிக்கொள்வது, அதே தடவலை வேறொருவர் தருவது, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். சாதாரண ஆட்களுக்குத் தன் தடவல் மந்தமாகவும் அடுத்தவர் தடவல் கூச்சமாகவும் இருந்தது. குரல் கேட்பவர்களுக்கும், தன்னை யாரோ ஆட்டுவிப்பதாக உணர்பவர்களுக்கும் இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. நான் உடம்பு சரியில்லாமல் இருந்த அந்த வருஷம் தலை வாருவதையே விட்டுவிட்டேன், அம்மா அழுவாள், சோம்பேறித்தனம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். என் கையால் என் தலையை வாரும்போது வேறு யாரோ வாருவது போல இருக்கும், வசந்தி. அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

நாம் மனசுக்குள் பேசிக்கொள்வதும் ஒரு செயல்தான். தொண்டையும் நாக்கும் மிக மெலிதாக அசையும். 1940களில் அமெரிக்காவில் கூல்ட் என்ற மருத்துவர், குரல் கேட்கும் ஒரு நோயாளியின் தொண்டைப் பக்கம் வந்த மெல்லிய முணுமுணுப்பை மைக் வைத்துப் பெரிதாக்கிக் கேட்டார். குரல் என்ன சொன்னதாக அந்த நோயாளி சொன்னாரோ, அந்த முணுமுணுப்பும் அதையே சொன்னது. பேசியது அவரே, கேட்டதும் அவரே. நடுவில் இருக்கவேண்டிய காப்பி மட்டும் காணவில்லை. லண்டனில் கிறிஸ்டோபர் ஃப்ரித் என்ற உளவியலாளர் இந்தக் காப்பி விஷயத்தை ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோயோடு சேர்த்துப் பார்த்து விரிவாக எழுதினார். எனக்கு இதில் பாதிக்குத்தான் திருப்தி. காப்பி தொலைந்தால் குரல் அந்நியமாகும், சரி. ஆனால் அந்த அந்நியக் குரல் ஏன் செத்துப்போன என் அத்தையின் குரலாக, அவள் இழுத்து இழுத்துப் பேசுகிற அதே முதுநகர்ப் பேச்சாக வரவேண்டும்? அதற்கு அந்தக் கார்பன் தாளில் பதில் இல்லை.

எனக்கு ஆரம்பித்தது 1999 கார்த்திகை மாதம். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தாய், அப்போதுதான். முதலில் குரல் வரவில்லை. என் யோசனைகளின் சத்தம் கூடியது, அவ்வளவுதான். பிறகு சில யோசனைகள் என்னுடையவை மாதிரி இல்லை. தலைக்குள்தான் இருந்தன, சத்தம்கூட இல்லை, ஆனால் நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு நடுவில் அடுத்த வீட்டுச் செம்பு ஒன்று இருப்பதுபோலப் பார்த்ததும் தெரிந்தது. அதற்கப்புறம்தான் அத்தை. ஃபேன் ஓடினால் ஃபேனிலிருந்து பேசுவாள், நிறுத்தினால் நின்றுவிடும். எழுந்திரு, குளி, உலையில் அரிசி போடு. அவள் செத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அத்தையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தை பிறந்ததும் இரண்டு ஆண்கள் சேர்ந்தார்கள். அவர்கள் என்னிடம் பேசவில்லை, என்னைப் பற்றிப் பேசினார்கள். இப்போ எழுந்திரிக்கிறா, இப்போ படியில இறங்குறா, பாரு, பயந்துட்டா.

கேட்டதை நம்பாமல் எப்படி இருப்பது? கேஸ் அடுப்பை அணைத்தேனா, அணைக்கவேண்டும் என்று நினைத்தேனா என்று உனக்கு எத்தனை நாள் சந்தேகம் வந்திருக்கும். அப்போது நீ என்ன செய்வாய்? குமிழைத் திருகிய நினைவு விரலில் இருக்கிறதா, அந்த டக் சத்தம் நினைவிருக்கிறதா என்று தேடுவாய். மார்சியா ஜான்சன், கேரல் ரே என்ற இரண்டு பெண்கள் 1981இல் இதை எழுதியிருக்கிறார்கள்: நிஜமாக நடந்ததன் நினைவில் நிறமும் சத்தமும் இடமும் அதிகம் இருக்கும், நாமாக நினைத்ததன் நினைவில் நினைப்பதற்குப் பட்ட சிரமத்தின் தடம் இருக்கும், மனசு அதை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறது என்று. என் குரல்களை அந்தத் தராசில் வைத்துப்பார். சத்தம் இருந்தது, ஆண் பெண் இருந்தது, இடதுபக்கம் வலதுபக்கம் இருந்தது, நான் சிரமப்பட்டு எதையும் உண்டாக்கவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. நிஜத்துக்கு உண்டான எல்லா அடையாளமும் இருந்த ஒன்றை நிஜம் என்று எடுத்துக்கொண்டேன். நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

அதனால், உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, நீ அவனிடம் "யாரும் பேசலைடா, எல்லாம் உன் பிரமை" என்று கத்தியதாக எழுதியிருக்கிறாயே, அதை இனிமேல் செய்யாதே. உன் கண்முன்னால் நிற்கும் ஆளை இல்லை என்று சத்தியம் செய்யும் ஒருத்தியைப் பற்றி நீ என்ன நினைப்பாய்? ஒன்று அவளுக்குப் பைத்தியம், இல்லையென்றால் அவளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள். நான் அம்மாவைப் பற்றி இரண்டாவதை நினைத்தேன். அண்ணன் ஒருநாள் டேப்ரிக்கார்டரில் கேசட் போட்டு அறையில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுக்காட்டினான். பார், ஃபேன் சத்தம் மட்டும்தான். பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தான். அவர்கள் கேசட்டையும் அழித்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துபோயிற்று. அந்தக் கட்டத்தில் நிரூபணம் எதுவும் வேலை செய்யாது, எவ்வளவு நல்ல நிரூபணமோ அவ்வளவு பெரிய சதியாகத் தெரியும்.

அம்மா என்னை எங்கெங்கோ அழைத்துப்போனாள். மந்திரித்தார்கள், தாயத்து கட்டினார்கள், ஒரு இடத்தில் அடித்தார்கள். ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் 2001 ஆகஸ்ட் 6, அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். பேப்பரில் வந்த படத்தை அம்மா யாரிடமும் சொல்லாமல் கிழித்துத் தன் பெட்டியில் வைத்திருந்தாள், அவள் போன பிறகுதான் எனக்குக் கிடைத்தது. இன்றைக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது குற்றம். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அம்மாவின் பயம். மறு வாரமே பாண்டி பஸ் ஏறினோம், அங்கிருந்து கோரிமேடு, ஜிப்மர் ஓபி. விடியற்காலை வரிசை, மத்தியானம்தான் முறை வந்தது. அங்கே இருந்த டாக்டர் குரல் உண்டா இல்லையா என்று வாதாடவே இல்லை. "யார் குரல்மா? என்ன சொல்றாங்க?" என்றார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அதைக் கேட்டார். நான் அவருக்கு அத்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன்.

மாத்திரை வேலை செய்தது. அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம், அவன் நன்றாகிவிட்டேன் என்று நிறுத்தினாலும் நீ விடாதே, மாற்றவேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு மாற்று. எனக்கு உடம்பு பருத்தது, பகலெல்லாம் தூக்கம், வாய் உலரும். ஆனால் அந்த இரண்டு ஆண்களும் ஆறேழு வாரத்தில் தூரப் போனார்கள், பிறகு அடுத்த தெருவில் பேசுவது மாதிரி, பிறகு இல்லை. அத்தை மட்டும் எப்போதாவது வருவாள். அவள் இருக்கும்போதே, இது அத்தை இல்லை என்று சொல்லிக்கொள்ளும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குள் உண்டானது. அந்த இடம் உண்டான பிறகுதான் சோதனைகள் உதவும், முன்னால் இல்லை. காதைப் பொத்துவேன். நிஜச் சத்தம் குறையும், குரல் குறையாது. எங்கள் வீட்டு நாயைப் பார்ப்பேன், அது காதைத் தூக்கவில்லை என்றால் வாசலில் யாரும் இல்லை. வாய்விட்டு ஏதாவது பாட்டை முணுமுணுப்பேன். என் தொண்டையும் நாக்கும் வேறு வேலையில் இருந்தால் அவளுக்குப் பேச வழியில்லை. அந்தக் கூல்டின் மைக் கதையைக் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது.

இன்னொன்றும் அந்தப் பெண் சொன்னாள். 2017இல் அமெரிக்காவில், ஒரு படத்தைக் காட்டும்போதெல்லாம் மெல்லிய ஒலி ஒன்றையும் சேர்த்து எழுப்பி ஆட்களைப் பழக்கினார்கள். பிறகு படத்தை மட்டும் காட்டியபோதும் பலருக்கு ஒலி கேட்டது. தினமும் குரல் கேட்பவர்களுக்கு அதிகத் தடவை கேட்டது, அதிக உறுதியோடும் கேட்டது. ஐந்தரை மணிக்குப் பால்காரர் மணி அடிக்காத அன்றும் உனக்கு மணி கேட்கிறதே, அதேதான். எதிர்பார்ப்பு காதை முந்திக்கொள்கிறது. எனக்கு ஃபேன் சுற்றியதும் அத்தை வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தானே புயல் வந்ததே, 2011 டிசம்பர் 30, விடிகாலை. ராத்திரி முழுக்கக் காற்று, கரண்ட் இல்லை, ஓடு பறக்கிறது, நானும் அம்மாவும் நடு அறையில் பாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காற்றுக்குள் ஒரு பெண் குரல். "யாராவது வாங்களேன்." எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தேன். காதைப் பொத்தினால் குறைகிறதா என்று பார்த்தேன், காற்றின் இரைச்சலில் ஒன்றும் தெரியவில்லை. நாய் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. பத்து வருஷமாகப் பழகியதையே செய்தேன், அதாவது கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் வீட்டு வழக்கப்படி அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, உனக்கும் கேட்குதா?" அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஆமாண்டி. பின்பக்கமா கேட்குது."

பின்வீட்டுக் கொட்டகை சரிந்து, அந்த அக்கா காலோடு மாட்டிக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் அண்ணனை எழுப்பி, மூன்று பேரும் போய்த் தூக்கினோம். இன்றும் லேசாக நொண்டுவார், மற்றபடி நன்றாக இருக்கிறார். நான் அம்மாவிடம் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதன்பிறகு எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். எல்லாவற்றையும் பிரமை என்று தள்ளப் பழகினாலும் போதாது, வசந்தி. என் தலைக்குள் இருக்கும் எந்தச் சோதனையும் அந்த ராத்திரி எனக்கு உதவவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாள், அவளிடம் வெட்கப்படாமல் கேட்க முடிந்தது, அவள் உள்ளதைச் சொல்வாள் என்று தெரியும். ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள், முகத்தைச் சுளிக்கமாட்டாள், மாத்திரை போட்டியா என்று அந்த நிமிஷத்தில் கேட்கமாட்டாள்.

இந்த வேலையை நீ அவனுக்குச் செய். இன்றே நடக்காது, நீ கத்தியது அவன் மனசில் இருக்கும், ஆறட்டும். மாத்திரை கொஞ்சம் பிடித்து அவன் தானாகச் சந்தேகப்படும் நாள் ஒன்று வரும், அன்றைக்கு அவன் திரும்பிப் பார்க்கும்போது "உனக்கும் கேட்குதா" என்று உன்னிடம் கேட்கிற மாதிரி நீ இருக்கவேண்டும். அவன் கேட்டால் "எனக்குக் கேட்கலைப்பா, உனக்குக் கேட்குதுன்னு தெரியுது" என்று சொல். இரண்டுமே உண்மை. ஒருபோதும் அவனைச் சமாதானப்படுத்த எனக்கும் கேட்குது என்று பொய் சொல்லாதே, ஒரு தடவை சொன்னால் உன் வார்த்தைக்கு அப்புறம் மதிப்பில்லை. ஆனால் ஒன்று, அந்தக் குரல் அவனையோ மற்றவர்களையோ ஏதாவது செய்துகொள்ளச் சொல்கிறது என்றால் காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரி. ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தால் 14416, டெலிமானஸ், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அண்ணன் மகள் அந்த இடத்தில் இருக்கிறாள், பன்னிரண்டாவது படிக்கிறாள். போன வாரம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம், எங்கோ மேளச் சத்தம், நான் அவள் பக்கம் திரும்பினேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே "கேட்குது அத்தை, கோயில்ல" என்றாள். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம்.

அந்த ஆய்வேட்டில் இன்னொன்றும் இருந்தது, 2015இல் வந்தது. கலிஃபோர்னியாவிலும், கானா நாட்டு அக்ராவிலும், நம் சென்னையிலும் குரல் கேட்பவர்களை ஊருக்கு இருபது பேராகக் கண்டு பேசியிருக்கிறார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாதவர்களின் வன்மமான குரல். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர்களின் குரல், வீட்டு வேலையைப் பார் என்று சொல்லும் குரல். அந்தப் பக்கத்தை டைப் அடிக்கும்போது அழுதேன். என் அத்தை மாதிரி எத்தனை அத்தைகள்.

நீ எழுதிய நான்கு பக்கத்திலும் டாக்டர் பேர், மாத்திரை பேர், ஜாதகம், அவன் காலேஜுக்குப் போகாத நாள் கணக்கு எல்லாம் இருக்கிறது. அவனுக்குக் கேட்பது ஆண் குரலா, பெண் குரலா? தெரிந்த ஆளா? என்ன சொல்கிறது? கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து, அவனிடம் கேட்டு எனக்கு எழுது.

உன்,
மாலா